கம்பெனிக் கம்பி கட்டிய கிட்டார்

காணிக்கைப் பாட்டின் இரண்டாவது அடியில் அந்தச் சத்தம் வந்தது. முதலில் பழைய கதவைத் திறப்பது போல ஒரு முனகல். அப்புறம் படார் என்று ஒன்று.

நான் பெண்கள் பக்கம், தூண் ஓரமாகப் பாயில் உட்கார்ந்திருந்தேன். புதுச்சேலை. கஞ்சி மொடமொடப்பு கூடப் போகவில்லை. பீடத்தில் ஆயர் நின்றிருந்தார். அவருக்கு இடது பக்கம் பாடுகிற பிள்ளைகள். அவர்கள் நடுவில் என் மகள் ஸ்டெல்லா, கையில் கோயில் கிட்டார்.

கிட்டாரில் கம்பிகளையெல்லாம் பிடித்து வைத்திருக்கும் மரத்துண்டு ஒன்று உண்டு. பிரிட்ஜ் என்பார்கள். அது பலகையைத் தோலோடு உரித்துக்கொண்டு பிய்ந்து, ஆறு கம்பிகளையும் இழுத்துக்கொண்டு அவள் மணிக்கட்டில் போய் அடித்தது.

பாட்டு நின்றது. ஆயர் நிமிர்ந்து பார்த்தார். கோயிலே திரும்பிப் பார்த்தது. நான் மட்டும் பார்க்கவில்லை. பாயின் கோரைகளுக்குள் எதையோ தொலைத்தவள் போலக் குனிந்துகொண்டேன்.

அந்தக் கம்பிகள் கடையில் வாங்கியவை இல்லை. நான் செய்து கட்டியவை.

இந்த வாரம் இந்தப் பத்தியில் எதை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் ஸ்டெல்லா போனில் சிரித்தாள். "எழுதறதுன்னா முழுசா எழுதும்மா. உனக்கு வசதியான எடத்துல நிறுத்திடாதே" என்றாள். நிறுத்தவில்லை. ஆனால் மெதுவாகத்தான் வருவேன். நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள்.

விரலில் இருந்த கர்வம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்தது கம்பி இழுக்கிற கம்பெனியில். சுண்டு விரல் கனத்துக்கு வருகிற இரும்புக் கம்பியை ஒன்றைவிட ஒன்று சின்னதான ஓட்டைகளில் விட்டு இழுத்து, நூல் மாதிரி ஆக்குவார்கள். ஸ்பிரிங் செய்கிறவர்கள் வந்து வாங்கிப் போவார்கள். நான் செக்கிங். சுருளைத் தொட்டு, வளைத்து, முறுக்கிப் பார்த்து, நல்லது ஒரு பக்கம், ரிஜெக்ட் ஒரு பக்கம் என்று பிரிக்க வேண்டும்.

கனம் பார்க்க மைக்ரோமீட்டர் கொடுத்திருந்தார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கம்பியை ஒருமுறை உருட்டினால் போதும், இது எந்த ஓட்டையில் இழுத்தது என்று சொல்லிவிடுவேன். ஃபோர்மேன் நம்பாமல் மைக்ரோமீட்டரை வைத்துப் பார்ப்பார். சரியாக இருக்கும். "மிஷினு தப்பு காட்டும், ஞானம்மா தப்பு காட்டாது" என்று மற்ற ஆம்பிளைகளிடம் சொல்வார்.

இப்படிச் சொல்லிச் சொல்லியே என்னைக் கெடுத்தார்கள். பஸ்ஸில் பிடிக்கிற கம்பி, குடைக் கம்பி, ஜன்னல் கம்பி, எதைப் பார்த்தாலும் தொட்டுப் பார்த்துக் கருத்துச் சொல்வேன். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நடுவில் உட்கார்ந்தால் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. கம்பி என்றால் மட்டும் என் குரல் உயரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எஸ்டேட் ஆட்கள் வீட்டில் பாதிச் சாமான் கம்பெனி ஸ்கிராப்பில் பிறந்தது. ஒருத்தன் வீட்டில் தோசைத் திருப்பி, ஒருத்தன் வீட்டில் எலிப்பொறி, ஒருத்தன் வீட்டில் துணிக்கொடி. யாரும் அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. நான் மட்டும் ஒரு துண்டு எடுத்து வந்ததில்லை. சாயங்காலம் கேட்டில் பெண்களின் பையைத் திறந்து பார்க்க ஒரு வாட்ச்மேன் அம்மா உட்கார்ந்திருக்கும். என் பையைத் திறக்கச் சொன்னதே கிடையாது. "நீ போ ஞானம்" என்று கையை ஆட்டிவிடும். அந்தக் கையாட்டலுக்காகவே தலையை நிமிர்த்தி நடப்பேன்.

தூண்டில் நரம்பு

எங்கள் கோயிலுக்கு அந்தக் கிட்டாரை ஒரு குடும்பம் வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. சந்தன நிறம். தூக்கினால் கனமே இருக்காது. அதை வாசித்துக்கொண்டிருந்த பையன் பம்பாயில் வேலை கிடைத்துப் போய்விட்டான். கொஞ்ச நாள் சும்மா கிடந்தது. ஸ்டெல்லா பாட்டுப் பயிற்சி முடிந்ததும் அதை எடுத்துத் தட்டித் தட்டி, தானாகவே நாலு பாட்டுக்கு வாசிக்கப் பழகிவிட்டாள். அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.

ஆயர் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் கொடுக்க வருகிறார் என்று பங்குச் சாமியார் அறிவித்த ஞாயிறு, பாட்டு மாஸ்டர் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, "நீயே வாசி" என்றார். எங்கள் கோயிலில் ஒரு பெண் பிள்ளை கிட்டார் பிடித்ததில்லை. நாலு பேர் அவரிடம் போய் முகம் சுளித்தார்கள். "நல்லா வாசிச்சா எப்பவும் அவதான். இல்லன்னா நிறுத்திடறேன்" என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்தார். ஆக, ஆயர் பூசை ஒன்றில்தான் அவள் கிட்டார் நிற்கிறதா போகிறதா என்று இருந்தது.

கிட்டாரில் ரெண்டு கம்பி அறுந்து, மிச்சம் கறுத்துக் கிடந்தது. மாஸ்டர் தெளிவாகத்தான் சொன்னார். "மவுண்ட் ரோடுல கிடைக்கும். நைலான் செட்டுன்னு கேட்டு வாங்கணும். ஸ்டீல் குடுத்தா வேணாம்னு சொல்லிடு."

நான் அறுந்து தொங்கிய ஒன்றைப் பிடித்து உருட்டிப் பார்த்தேன். விரலுக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னா மாஸ்டர் இது. பருத்திப்பட்டு ஏரியில கெண்டை புடிக்கிறவன் தூண்டில்ல இதைத்தானே கட்டிகினு உக்காந்துகீறான்."

"கிட்டாருக்கு இதுதாம்மா."

"இழுத்தா நீளுது. எங்க கம்பெனியா இருந்தா ரிஜெக்ட்."

"கம்பெனி வேற, கிட்டார் வேறம்மா" என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனால் பின்னால் நின்ற பிள்ளைகள் கிளுகிளு என்று சிரித்தார்கள். ஸ்டெல்லாவும் கூடச் சேர்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் கூட வந்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதில் போய்ச் சிரிக்கிறார்களே என்று இருந்தது.

கன்னியம்மா சுற்றிக் கொடுத்தது

மறுநாள் ஃபோர்மேனிடம் கேட்டேன். கேட்காமல் எடுக்கவில்லை. "கோயில்ல பாட்டு வாசிக்கிற சாமானுக்கு ஆறு துண்டு வேணும்" என்றேன். அவர், "ஸ்கிராப்தானே, எடுத்துக்கினு போ. என்கிட்ட கேட்டதா யார்கிட்டயும் சொல்லாதே, அப்பறம் அல்லாரும் வந்து நிப்பான்" என்றார்.

ஸ்கிராப்புப் பெட்டியில் இருந்த நல்ல ஸ்பிரிங் கம்பியாகப் பார்த்துப் பொறுக்கினேன். மெல்லிசாக மூணு, கொஞ்சம் தடிமனாக மூணு. பழைய கம்பியில் தடிமனான மூணுக்கு மேலே சன்னமாக ஒரு சுற்று இருந்தது. அதற்குக் கன்னியம்மாவைப் பிடித்தேன்.

கன்னியம்மா பக்கத்துக் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறவள். மத்தியானச் சோறு நாங்கள் ரெண்டு பேரும் சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் ஒன்றாகத் தின்போம். அவள் அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுகிறவள், நான் மாதா கோயில். ஒருத்தி டப்பாவில் ஒருத்தி கை வைக்காமல் சோறு இறங்காது.

"இன்னாக்கா இது, எந்த மோட்டாருக்கு?"

"மோட்டார் இல்லடி. ஸ்டெல்லா வாசிக்கிற கிட்டாருக்கு. இது மேல செம்புக் கம்பி நெருக்கமா சுத்திக் குடு."

"கடையில விக்காதா?"

"விக்குது. நைலான் கயிறு."

"ஐய, துணி காயப் போடவா" என்றாள். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது எனக்கு. சோற்றை வேகமாகத் தின்றுவிட்டு அவள் மிஷினில் கம்பியை மாட்டினாள். நான் ஒரு முனையைக் கட்டிங் பிளேயரில் பிடித்துக்கொண்டேன். மூணையும் சுற்றி முடித்தாள். மயிர் நுழைய இடமில்லாத சுற்று. சூரிய வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் நகை மாதிரி இருந்தது.

"யக்கா, பாட்டு நல்லா வந்தா கன்னியம்மா சுத்துனதுன்னு சொல்லு. வர்லன்னா எம்பேரை எடுக்காதே" என்றாள்.

அன்றைக்கு என் பையில் முதல்முறையாகக் கம்பெனிக் கம்பி இருந்தது. வாட்ச்மேன் அம்மா வழக்கம் போலக் கையை ஆட்டியது.

ஸ்டெல்லா கேட்டாள், "இது நைலான் இல்லையேம்மா. மாஸ்டர் அதுதானே சொன்னாரு?"

"மாஸ்டருக்குப் பாட்டு தெரியும். கம்பி எனக்குத் தெரியும். கட்டு."

ஸ்பிரிங் கொக்கி போடுகிற மாதிரி முனையை வளைத்து நானே மாட்டிக் கொடுத்தேன். அவள் முறுக்கி, சுதி பார்த்து, ஒருமுறை வாசித்தாள். வீடு நிறைந்துவிட்டது. அதுவரைக்கும் அந்தக் கிட்டார் ரகசியம் பேசுகிற மாதிரித்தான் சத்தம் கொடுக்கும். இப்போது பூசை மணி போலக் கணீர் என்றது. எங்க வீட்டுக்காரர் பூந்தமல்லி ஒர்க் ஷாப்பிலிருந்து கிரீஸ் கையோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "தெரு முழுக்க கேக்குது ஞானம். ஆயருக்குக் காது சரியா கேக்காதுன்னாலும் பரவால்ல" என்றார்.

மாஸ்டர் அந்த வாரம் ஊரில் இல்லை, பூசை அன்று காலையில்தான் வந்து சேர்ந்தார். பயிற்சியை ஆர்மோனியத்தை வைத்தே முடித்தார்கள். ஸ்டெல்லா கிட்டாரை வீட்டில் வைத்தே பழகினாள்.

ரெண்டு விஷயம் நடந்தது. ரெண்டையும் பார்த்தேன்.

ஒன்று, அவள் இடது கை விரல்கள். கம்பி அழுத்தின இடமெல்லாம் பள்ளமாகி, ஒரு விரலில் தோல் பிளந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வாசித்தாள். "வேலை செய்யிற கை அப்பிடித்தான் இருக்கும்" என்று என் கையைக் காட்டினேன்.

இன்னொன்று, சனிக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் கிட்டாரைக் கொண்டுவந்து காட்டியது. "அம்மா, பலகை உப்பினாப்புல கீது பாரேன். பிரிட்ஜுக்குக் கீழ நகம் போவுது."

நானும் நகத்தை விட்டுப் பார்த்தேன். போனது.

"மழை ஈரம். காஞ்சா அடங்கிடும்" என்றேன்.

கம்பி எவ்வளவு தாங்கும் என்றுதான் என் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். அதைக் கட்டியிருக்கிற மரம் எவ்வளவு தாங்கும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பூந்திப் பொட்டலம்

பிரிட்ஜ் பிய்ந்த பிறகு ஆர்மோனியத்தை வைத்துப் பாட்டை முடித்தார்கள். மாஸ்டர் முகத்தை யாரும் பார்க்க முடியாத இடத்தில் வைத்துக்கொண்டார். பூசை முடிந்து ஆயருக்கு மாலை போட்டார்கள். வாசலில் எல்லோருக்கும் பூந்திப் பொட்டலம் கொடுத்தார்கள். நான் வாங்காமல் பாட்டுப் பிள்ளைகள் நின்ற பக்கம் போனேன்.

மாஸ்டர் கையில் கிட்டார் இருந்தது. அதன் வயிற்றில் உரிந்த இடம் பச்சை மரமாகத் தெரிந்தது. ஸ்டெல்லா மணிக்கட்டில் கைக்குட்டை சுற்றியிருந்தாள்.

"ஓவரா முறுக்கிட்டேன் மாஸ்டர். என் தப்புதான்" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வேணாம் வேணாம்னு நாலு பேரு சொன்னாங்க. நான்தான் கேக்கல. இனிமே நீ பாடினா போதும்மா. கிட்டார் வேணாம்."

அவர் சத்தம் போடவில்லை. சுற்றி நின்ற பெண்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். ஸ்டெல்லாவும் சரி என்று தலையை ஆட்டினாள்.

என் வாய் அதற்கு மேல் சும்மா இருக்கவில்லை. "அவ இல்ல மாஸ்டர். கம்பி நான் செஞ்சது. நைலான் வேணாம்னு நான்தான் சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "பொண்ணைக் காப்பாத்தணும்னு எதையாவது சொல்லாதீங்கம்மா. கடையில ஸ்டீல் குடுத்திருப்பான், வாங்கிட்டு வந்திருப்பா. கிட்டார் கம்பியெல்லாம் ஊட்ல செய்ய முடியுமா."

நம்பவில்லை. அது எனக்குத் தப்பிக்க ஒரு வழியாகத்தான் இருந்தது. அப்படியே திரும்பியிருந்தால் என் பேர் தப்பியிருக்கும், அவள் கிட்டார் போயிருக்கும்.

தொங்கிக்கொண்டிருந்த கம்பியில் ஒன்றைக் கழற்றினேன். முனையில் நான் வளைத்த கொக்கியைக் காட்டினேன். "இது ஸ்பிரிங் கொக்கி. எந்த மியூசிக் கடையிலயும் இப்பிடி போட மாட்டான். இது காயில் சுத்துற செம்பு, வார்னிஷ் வாசனை இன்னும் கீது, மோந்து பாருங்க."

மாஸ்டர் மோந்து பார்க்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற சூசை கையை நீட்டினார். சூசை எங்கள் கம்பெனி ஸ்டோர்கீப்பர். ஒரு கையில் பூந்தி. இன்னொரு கையால் கம்பியை வாங்கி, வளைத்துவிட்டுப் பார்த்தார். விட்டதும் அது நேராக நின்றது.

"அட, நம்ம சரக்காச்சே இது" என்றார் சத்தமாக. "ஏம்மா ஞானம், கேட்டாண்ட எப்டி தாண்டி வந்துச்சு?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆச்சரியத்தில் வந்துவிட்டது. ஆனால் சுற்றி இருந்த பேச்செல்லாம் நின்றுபோனது. பூந்தி மெல்லுகிற சத்தம்கூட நின்றது.

ஃபோர்மேன் பேரைச் சொல்லியிருக்கலாம். சொல்லாதே என்று சொல்லித்தான் கொடுத்தார். கன்னியம்மா பேரையும் சொல்லவில்லை.

"ஆமா. நம்ம கம்பெனிதுதான். நான்தான் எடுத்தாந்தேன்" என்றேன்.

சூசை கம்பியை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பூந்தியை வாயில் போட்டுக்கொள்ளாமல் பையில் வைத்தார். ஒரு பெண் தன் மகளைத் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் நகர்த்தினாள். மாஸ்டர் தரையைப் பார்த்தார். அப்புறம் ஸ்டெல்லாவிடம், "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார், ரொம்ப மெதுவாக.

வீட்டுக்கு வரும் வழியில் ஸ்டெல்லா எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள். தெரு முனையில் நின்று, "நான்தான் சொல்லி முடிச்சிட்டேன் இல்ல. நீ ஏம்மா வந்தே?" என்றாள். கம்பி உள்ளங்கையில் அழுத்தி அழுத்திக் கோடு விழுந்திருந்தது.

திறந்த பை

திங்கட்கிழமை யாரும் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. மேனேஜர் ஆபீசிலிருந்து ஆள் வரவில்லை. ஃபோர்மேன் மட்டும் ரெண்டு முறை என் மேஜைக்கு வந்து, சும்மா ஒரு சுருளைத் தொட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் கேட்டில் வரிசையில் நின்றேன். வாட்ச்மேன் அம்மா என்னைப் பார்த்தது. கையை ஆட்டவில்லை.

"பையைத் திற ஞானம்" என்றது. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது.

திறந்தேன். கழுவின சோற்று டப்பா, ஒரு சீப்பு, ஜெபமாலை. கேட்டுக்கு வெளியே கன்னியம்மா ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எனக்கு முன்னாடியே தலை குனிந்துகொண்டாள். அதற்கப்புறம் அந்தக் கம்பெனியில் நான் இருந்த காலம் வரைக்கும் தினமும் பையைத் திறந்துதான் காட்டினேன். எல்லாரும் காட்டினதுதான். எனக்கு மட்டும் அது புதிதாகவே இருந்தது.

மவுண்ட் ரோடு

கிட்டாரை மாஸ்டரே ஒரு ஆசாரியிடம் கொடுத்து பிரிட்ஜை ஒட்டி வாங்கினார். உரிந்த இடத்தில் தழும்பு தெரியும், ஆனால் பிடிப்பு நன்றாக இருந்தது. ஸ்டெல்லாவிடம் கொடுத்து, "நைலான் வாங்கிட்டு வா. அம்மாவையும் கூட்டிக்கினு போ" என்றாராம். அது குத்தலா, அன்பா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. போனேன்.

கடை ஏசி போட்டது. கண்ணாடி அலமாரியில் உறை உறையாக அடுக்கியிருந்தார்கள். எல்லாம் இங்கிலீஷ். கடைக்காரர் சின்ன வயசுக்காரர். மூணு நாலு உறையை எடுத்து என் முன்னால் பரப்பினார். ஸ்டெல்லாவை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார், "எது குடுக்கட்டும்மா?"

விரல் தானாக நீண்டது. இழுத்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாதுப்பா. நீயே சொல்லு" என்றேன்.

இது சின்ன வார்த்தை. கம்பி சம்பந்தமாக நான் அதைச் சொன்னது அன்றைக்குத்தான். காது மடல் எரிந்தது. ஸ்டெல்லா அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள், நான் சொன்னது அவள் காதில் விழாத மாதிரி.

அவர் பொறுமையாகச் சொன்னார். நைலான் கட்டுகிற கிட்டாரின் மரம் மெல்லிசாகச் சீவினது, உள்ளே முட்டும் லேசாகத்தான் கொடுத்திருப்பார்கள் என்றார். ஸ்டீல் கட்டுகிறதற்கு வேறு கிட்டார் இருக்கிறது, அதன் எலும்பே வேறு என்றார். ஸ்டீல் போட்டால் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இழுக்கும் என்றார். நைலானிலும் லேசாக இழுக்கிறது, பலமாக இழுக்கிறது என்று வகை உண்டு. பழைய கிட்டார், ஒட்டின பிரிட்ஜ் என்றதும் லேசானதையே எடுத்துக் கொடுத்தார். "புதுசுல நீண்டுகினே இருக்கும். ஒரு வாரம் முறுக்கி முறுக்கிச் சுதி பாக்கணும். அப்பறம் நிக்கும்" என்றார்.

நீளுகிறதை நாங்கள் ரிஜெக்ட் பெட்டியில் போடுவோம். இங்கே அது நீண்டு நீண்டுதான் பாட்டுக்கு வரும்.

ஸ்டெல்லா மறுபடியும் கோயிலில் வாசித்தாள். கல்யாணம் ஆகிப் போகிற வரைக்கும் அவள்தான். நான் தூண் ஓரத்து இடத்தை விட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார ஆரம்பித்தேன். அங்கேயும் கேட்டது. பழைய மாதிரி ரகசியம் பேசுகிற சத்தம்தான்.

அந்தப் பழைய கம்பிகளை நான் குப்பையில் போட்டேன். ஒன்றை மட்டும் அவள் எடுத்து வைத்திருக்கிறாள் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. வேப்பம்பட்டில் அவள் வீட்டில், நீளமான துணி சோப்பைத் துண்டு போட அதைத்தான் வைத்திருக்கிறாள். ரெண்டு முனையிலும் பிடித்துக்கொள்ள மரக்கட்டை கட்டியிருக்கிறாள்.

போன மாதம் போயிருந்தபோது, "இதைக் கொஞ்சம் வெட்டிக் குடும்மா" என்று சோப்பையும் அதையும் என் முன்னால் வைத்தாள். உருட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. துரு இல்லை. கனம் அப்படியே இருந்தது. சோப்பின் மேல் வைத்து இழுத்தேன். பிசிறு இல்லாமல் நேராக இறங்கியது.

"நல்ல கம்பிம்மா இது" என்றாள் ஸ்டெல்லா, பாத்திரம் கழுவிக்கொண்டே.

மனசாரத்தான் சொன்னாள். எனக்குத்தான் காது மடல் எரிந்தது. துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, கம்பியைக் கழுவித் துடைத்து, அவள் வைக்கிற ஆணியிலேயே மாட்டினேன்.